ஜியோஸ்பேஷியல்: புவிசாரா, புவிவெளியா, புவியிடமா?

‘கே’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பூமி என்று பொருள். இலத்தீன் ‘ஸ்பேஷியம்’ என்றால் இடம், இடைவெளி. இரண்டும் ஒட்டியதே ஜியோஸ்பேஷியல். ஒரு தகவல் பூமியில் எந்த இடத்துக்கு உரியது என்பதும் அதனுடனேயே பதிவாகியிருந்தால் அது ஜியோஸ்பேஷியல் தரவு. ‘வியாசர்பாடியில் தண்ணீர் தேங்கியது’ என்பது வெறும் செய்தி. தேதி, தண்ணீரின் ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை நான்கும் சேர்ந்தால்தான் அதைப் பக்கத்துக் கால்வாயோடும் வீடுகளோடும் வைத்துப் பார்க்க முடியும்.

தமிழில் ‘புவிசார்’ என்று எழுதுவது பரவிவிட்டது. ஆனால் மதுரை மல்லிக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்த ‘புவிசார் குறியீடு’ வேறு சங்கதி; படிப்பவர் குழம்புவார். ‘புவிவெளி’ என்றால் விண்வெளிதான் நினைவுக்கு வரும். ‘புவியிடம்’ என்பதே பொருந்துகிறது: புவியிடத் தரவு, புவியிடத் தொழில்நுட்பம். ‘புவி’ வடமொழி வழி வந்தது என்றாலும் நன்றாக வேரூன்றிய சொல். ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமை இதன் ஒரு பகுதிதான். செயற்கைக்கோள் படம், ஜி.பி.எஸ்., ட்ரோன் அளவை எல்லாம் இதில் அடங்கும்.

வடசென்னைக்கு இந்தச் சொல்லின் ‘இடம்’ என்ற பாதி மிக முக்கியம். கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், எர்ணாவூர் எல்லாம் தட்டையான தாழ்நிலம். அரை மீட்டர் ஏற்றத்தாழ்வுதான் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று தீர்மானிக்கிறது. இங்கே பலரும் இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். என்ற, விண்கல ரேடார் அளந்த உயரத் தரவை எடுத்து வெள்ள வரைபடம் போட்டுவிடுகிறார்கள். அது 2000 பிப்ரவரியில் எடுத்தது. ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். கட்டடங்களின் கூரையும் நிலத்தோடு கலந்திருக்கும். கொசஸ்தலையாற்றுப் படுகை முழுவதையும் பார்க்க அது உதவும். தெருவுக்கு மோட்டார் பம்ப் ஒதுக்க உதவாது.

ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தில் இன்னொரு சிக்கல். கருவி தன் கணக்கில் அளப்பது கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் உருவத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் எலிப்சாய்டு என்ற கணித வடிவத்திலிருந்து. சென்னைப் பக்கம் கடல்மட்டம் அந்த வடிவத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே கிடக்கிறது. திருத்தம் செய்யாத கருவியை ராயபுரத்தில் வைத்தால் மைனஸ் எண்பது சொச்சம் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்த வடிவத்துக்கும் கடல்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது ஜியாய்டு திருத்தத்தை, சேர்க்க வேண்டும். வடிகால் சரிவுக்கு அதுவும் போதாது. சர்வே ஆஃப் இந்தியாவின் பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் அளந்து குறித்த நிலையான புள்ளி) லெவல் கருவி வைத்து உயரத்தைக் கொண்டுவருவதே நம்பகமானது.

வார்டு ஊழியர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் மென்பொருளின் பட்டன்களில் தொடங்காமல் ஆயத்தொலைவில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில், தொடங்குவது நல்லது. டிகிரியில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் எழுதச் சொல்லுங்கள். அது சுமார் ஒரு மீட்டர். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும், தண்டையார்பேட்டைச் சந்துகளில் அது வேறு தெரு. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும்போது எக்ஸ் என்பது தீர்க்கரேகை (80 சொச்சம்), ஒய் என்பது அட்சரேகை (13 சொச்சம்). மாற்றிப் போட்டால் புள்ளிகள் நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். தூரமோ பரப்போ கணக்கிடும் முன் டிகிரியை மீட்டராக்கும் யு.டி.எம். என்ற ஆயத்தொலைவு முறையில், மண்டலம் 44 வடக்குக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் கால்வாய்க் கரையிலிருந்து 50 மீட்டர் பட்டை கேட்டால் 50 டிகிரிக்குப் போட்டுவிடும்.

வருவாய்த் துறையின் புலப்படத்தை (ஒரு சர்வே எண் நிலத்தின் அளவு வரைபடம்) இந்த வரைபடத்தின் மேலே பொருத்துவதுதான் கடினமான வேலை. அதில் அளவுகள் உண்டு, ஆயத்தொலைவு கிடையாது. சர்வே கற்கள் நான்கையாவது களத்தில் தேடி அளந்து பொருத்த வேண்டும். நான்கும் ஒரே மூலையில் இருந்தால் எதிர்மூலை இழுத்துக்கொள்ளும். புலத்தின் நான்கு பக்கமும் பரவலாக எடுத்துவிட்டு, ஐந்தாவது கல் ஒன்றைப் பொருத்தாமல் வைத்திருந்து அதைக் கொண்டு சரிபாருங்கள்.