பின்னால் அமுங்கிய அம்பாசடருக்கு இன்னொரு பட்டை மருந்தல்ல

"ஒரு பட்டை எக்ஸ்ட்ரா போட்டுடுங்கண்ணா, தூக்கிடும்."

அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் சொல்லிவிடுவது இது. பட்டை என்றால், வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் வளைந்த எஃகுத் தகடு. அடுக்கு முழுவதும் சேர்ந்தது பட்டைக்கட்டு. போன வாரம் வந்த மார்க் 3-இல் வலது பக்கம் இரண்டு பட்டை கூடுதல், இடது பக்கம் ஒன்று. மூன்றுமே குஜரியில், அதாவது பழைய இரும்புக் கடையில், வேறு ஏதோ வண்டியிலிருந்து அறுத்து எடுத்தவை. போதாததற்கு ஸ்பிரிங்கின் பின்முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளையும் நீளமாக்கி வெல்டிங் வைத்திருந்தார்கள். இவ்வளவு செய்தும் வண்டி வலப்பக்கம் சாய்ந்துதான் நின்றது. ஏனென்றால் கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை. ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் இடத்தில் தகடு துருவில் கரைந்து, தாங்கியே தரைத்தட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று பட்டைக்குச் செலவழித்த வண்டிக்காரர், ஒரு ஸ்க்ரூடிரைவரால் அந்தத் தகட்டைக் குத்திப் பார்க்கவில்லை. பட்டை போட்டுக் கொடுத்தவரும் பார்க்கவில்லை.

பெங்களூரில் இப்படி வருகிற வண்டிகள் குறைவதாகவே தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு" என்ற பேச்சு. ஆகாது. எஃகின் விறைப்பு வயதாவதால் குறைவதில்லை. குறைவது வளைவு. முப்பது, நாற்பது வருடம் பாரம் சுமந்ததில் பட்டை நிரந்தரமாகக் கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது. நம்பாதவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். அமுங்கிய வண்டியின் டிக்கியில் இரண்டு பேரை உட்காரவைத்து எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளங்கள். அதே மாடலில் நல்ல ஸ்பிரிங் உள்ள வண்டியிலும் அளங்கள். பட்டை எதுவும் உடைந்தோ, துருவில் மெலிந்தோ போகாதவரை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இறங்கும். அமுங்கிய வண்டி இறங்கத் தொடங்கும் இடம் கீழே இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். போனது வளைவு என்றால் திரும்பத் தரவேண்டியதும் வளைவு. கூடுதல் பட்டை தருவதோ விறைப்பு. வயிற்றுவலிக்குக் கண்ணாடி வாங்கி மாட்டுவது மாதிரி.

எவ்வளவு விறைப்பு என்று கணக்குப் பாருங்கள். உங்கள் பட்டைக்கட்டில் 6 மி.மீ. தடிமனில் ஆறு பட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே தடிமனில் ஏழாவதைச் சேர்த்தால் விறைப்பு சுமார் ஆறில் ஒரு பங்கு கூடும். ஆனால் குஜரியில் கிடைப்பது 6 மி.மீ. பட்டையா? பெரும்பாலும் ஜீப்பிலிருந்தோ வேனிலிருந்தோ வந்த 8 மி.மீ. சமாச்சாரம். பட்டையின் விறைப்பு 'தடிமன் × தடிமன் × தடிமன்' என்ற கணக்கில் ஏறும். எட்டை ஆறால் வகுத்து, வந்ததை அதனாலேயே இன்னும் இரண்டு முறை பெருக்கினால் 2.37. நீங்கள் சேர்த்தது ஒரு பட்டை இல்லை, ஏறத்தாழ இரண்டரைப் பட்டை. அதுவும் நேராக இருக்கிற பட்டை என்றால் உயரம் ஒரு மில்லிகூட ஏறாது, ஹம்ப் ஏறும்போது முதுகு மட்டும் நோகும். வளைத்துப் போட்டிருந்தால் உயரும். ஆனால் அந்தத் தடித்த பட்டை முடிகிற இடத்தில்தான் மெயின் பட்டை, அதாவது எல்லாவற்றிலும் நீளமான பட்டை, திரும்பத் திரும்ப மடங்கும். கொஞ்ச நாளில் அங்கேயே விரிசல் விடும். மெயின் பட்டை உடைந்து வருகிற வண்டிகளில் பெரும்பாலும் உடைப்பு சேர்த்த பட்டையின் நுனிக்கு நேராக இருக்கும். இது தற்செயல் இல்லை.

விறைத்த பின்பக்கத்தைப் பழைய ஷாக் அப்சார்பர் அடக்காது. காலியாக ஓட்டும்போது பின்பக்கம் துள்ளும். மழை நாளில் ரிங் ரோடு வளைவில் வால் முதலில் வழுக்கும்.

ஷாக் என்றதும் இன்னொன்று. புது ஷாக் போட்டால் வண்டி உயராது. இந்த வண்டிகளில் இருக்கும் ஆயில் ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது, பாரம் தாங்குவது இல்லை. இரண்டு ஷாக்கையும் கழற்றி வைத்தாலும் வண்டி அதே உயரத்தில்தான் நிற்கும். ஆக்சஸரி கடையில் விற்கிற ரப்பர் பஃபர் காயில் ஸ்பிரிங்குக்கானது. பட்டைக்கு நடுவில் அதைத் திணிக்காதீர்கள். ஷேக்கிளை 50 மில்லி நீட்டினால் ஆக்ஸில் இருக்கும் இடத்தில் சுமார் 25 மில்லிதான் உயரும். அந்த 25 மில்லிக்கு விலையாகப் பின் ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியலின் முகம் திரும்பும், புரொபெல்லர் ஷாஃப்டில் அதிர்வு வரும், வளைவில் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடும்.

சரி, அளப்பது எப்படி? சமதளத் தரை, நான்கு டயரிலும் சரியான காற்று, டிக்கி காலி. ஸ்டெப்னி மட்டும் அதன் இடத்தில் இருக்கட்டும். வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விடுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் பொய் சொல்லும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்புவரை அளங்கள். அந்த விளிம்பில் புட்டி அப்பியிருந்தால் அதுவும் பொய் சொல்லும். ஆக்ஸிலுக்கும் மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் உள்ள இடைவெளிதான் நம்பகமானது. காலி வண்டியிலேயே அங்கே இரண்டு விரல் நுழையவில்லை என்றால், பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும் ஒவ்வொரு ஹம்பிலும் அடி விழும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஸ்பிரிங் வயதாகியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் 12 மில்லிக்கு மேல் இறங்கியிருந்தால் அவசரப்படாதீர்கள். டிரைவர் தனியாகவே ஓட்டிய வண்டியில் வலது பக்கம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் சாய்வு முன்பக்கத்திலிருந்தும் வரலாம். அம்பாசடரின் முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் இடது பக்கம் தளர்ந்தால் வண்டி மூலைவிட்டத்தில் சாய்ந்து, குறை பின்னால் இருப்பது போலத் தோன்றும். கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, முன்பக்கம் அடியில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பரின் நட்ட நடுவில் ஒரே ஜாக்கி வைத்து முன் சக்கரங்களைத் தரையிலிருந்து எடுங்கள். முன்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்பதால் அதன் சாய்வு பின்னால் வராது. பின்பக்கம் சமமாகிவிட்டால் குற்றவாளி முன்னால். சாய்வு அப்படியே இருந்தால் பின்னால். அளந்ததும் இறக்கிவிடுங்கள். அந்த நிலையில் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது.

அடுத்தது துரு. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் லாரி மாதிரித் தனிச் சேஸி கிடையாது. ஸ்பிரிங் தாங்கிகள் உட்காருவது மடித்து வெல்டிங் செய்த தகட்டுப் பெட்டியில். மேலே கறுப்பாகத் தார் பூச்சு அடித்திருப்பார்கள், பார்க்கப் புதிதாக இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். துருத்த தகடு அட்டைப் பெட்டி மாதிரி மந்தமாக ஒலிக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும், கூடவே பழுப்புத் தூள் கொட்டும். அப்படி இருந்தால் ஸ்பிரிங் வேலையை நிறுத்திவிட்டு முதலில் தகட்டு வேலை. துருத்த பெட்டியில் புது வளைவுள்ள ஸ்பிரிங்கை மாட்டினால் அது பெட்டியைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். வெட்டி ஒட்டுவதையும் மூல வடிவத்திலேயே செய்யச் சொல்லுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதிவதற்கு 2021-இல் வந்த மத்திய விதி, சேஸியிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது.

டிக்கியையும் திறந்து பாருங்கள். 60 லிட்டர் இரும்பு சிஎன்ஜி சிலிண்டர் மட்டுமே ஏறத்தாழ 60 கிலோ. பின்னால் நிரந்தரமாக ஒரு ஆள் படுத்திருப்பதாக அர்த்தம். கேஸை எடுத்துவிட்டேன் என்பவர்களின் டிக்கியில் காலி சிலிண்டர் இன்னும் கிடப்பதும் உண்டு.

கழற்றுவதில் கவனம் தேவை. பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பிடிக்கும் சக்கரங்களே அந்தரத்தில் இருக்கும். அதை நம்பாமல் முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஸ்டாண்டு ஸ்பிரிங்கின் முன் தாங்கிக்குச் சற்று முன்னால், தட்டிப் பார்த்துத் திடமாக இருக்கிற இடத்தில் நிற்கட்டும். செங்கல் வேண்டாம், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். ஆக்ஸிலைத் தனியாக டிராலி ஜாக்கியால் தாங்குங்கள். தாங்காமல் விட்டால் பாரம் முழுவதும் பிரேக் ஹோஸில் தொங்கும். வெளியே காயம் தெரியாது, உள்ளே கிழிந்திருக்கும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் நட்டுகளில் முந்தின இரவே துரு இளக்கி அடித்து ஊறவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் அறுத்து எடுங்கள், எப்படியும் அந்த யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. புதியது ஹை டென்சைலாக இருக்கவேண்டும். லேத்தில் சாதாரணக் கம்பியை வளைத்து மரை வெட்டித் தருவார்கள், அது இழுபட்டு நீளும்.

கழற்றிய பட்டைக்கட்டைப் பிரித்தால்தான் உண்மை தெரியும். கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, ஒவ்வொரு பட்டையையும் மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துச் சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் சிறிது நேரத்தில் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழைக் கோடாகத் தெரியும். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும், கீழ்ப்பட்டையின் நுனி அழுத்திய தடத்திலும் கட்டாயம் பாருங்கள். விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங் கிடையாது. மாற்றுவதுதான்.

வளைவு ஏற்றுவது ஸ்பிரிங் பட்டறை வேலை. கலாசிபாளையம், ஜே.சி. ரோடு பக்கம் விசாரித்தால் ஆள் கிடைக்கும். ஆனால் கேஸ் டார்ச்சோடு யாராவது பட்டையை நெருங்கினால் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்பிரிங் எஃகின் உயிரே அதன் பதம்தான். நடுவில் மட்டும் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். தானாக ஆறினால் மென்மையாகிச் சில வாரத்தில் மறுபடி நிமிரும். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் கண்ணாடி மாதிரி முறியும். முறையான வழி இரண்டு. ஒன்று, குளிர்ந்த நிலையிலேயே அழுத்தியோ, நெருக்கமாகச் சுத்தியல் அடி போட்டோ கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பது. இது சின்னத் திருத்தத்துக்குப் போதும். மற்றது, பட்டை முழுவதையும் உலையில் ஏற்றி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, பிறகு குறைந்த சூட்டில் பதம் இறக்குவது. உலை இல்லாத இடத்தில் இரண்டாவது வழிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாப் பட்டைக்கும் ஒரே வளைவு கொடுப்பதும் தப்பு. நீளம் குறையக் குறைய வளைவு கூடிக்கொண்டே போகவேண்டும். பட்டைக்கட்டை இறுக்காமல் அடுக்கிப் பார்த்தால் பட்டைகளுக்கு நடுவே இளம்பிறை மாதிரி இடைவெளி தெரியும். சென்டர் போல்ட்டை இறுக்கும்போது அது மூடும். மெயின் பட்டையின் பளுவைக் குறைப்பது அந்த இடைவெளிதான். இது தெரியாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். முடிந்த பட்டைக்கட்டில் இரு முனையிலும் இருக்கும் வளையத்துக்கு, அதாவது கண்ணுக்குக் கண், நூல் பிடித்து, நடுவில் மெயின் பட்டைவரை ஆழத்தை அளங்கள். இடமும் வலமும் 3 மில்லிக்குள் ஒத்துப்போகவேண்டும். புது வளைவு ஓடும்போது கொஞ்சம் படியும் என்பதால், வேண்டிய உயரத்தைவிட 10 முதல் 15 மில்லி கூடுதலாக வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் பீடத்தின் குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். உட்காராமல் யூ போல்ட்டை இறுக்கினால் ஆக்ஸில் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி ஓடும். நான்கு நட்டுகளையும் குறுக்குமறுக்காக, மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

இனிமேல் சொல்வதைத்தான் பெங்களூரில் பாதிப் பட்டறைகள் செய்வதில்லை. ஸ்பிரிங் முனைகளில் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது கடைசிவரை இறுக்கக்கூடாது. கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் வைத்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பின்பக்கத்தை அமுக்கி ஆட்டி, அது நிற்கவேண்டிய உயரத்தில் நின்ற பிறகுதான் இறுக்கவேண்டும். முன்னாலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். வண்டி கொஞ்ச நாள் உயரமாகத் தெரியும், வண்டிக்காரருக்குச் சந்தோஷமாக இருக்கும். மூன்று மாதத்தில் ரப்பர் கிழிந்து மறுபடி இறங்கிவிடும். அப்போதும் பழி ஸ்பிரிங் மேல்தான் விழும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள், உயரத்தையும் மறுபடி அளங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பின்பக்கம் இறங்கியிருந்தபோது யாராவது அதைக் கீழே திருப்பியிருந்தால், இப்போது வெளிச்சம் உங்கள் பம்பருக்கு முன்னாலேயே விழும்.

கடைசியாகக் கெஞ்சிக் கேட்கிறேன். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் அடியில் ஆயில் ஸ்ப்ரே அடிப்பார்கள், பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்தது. பட்டைக்கு நல்லது என்பார்கள். புஷ் ரப்பர் அதில் ஊறி உப்பி, பிசுபிசுத்துப் போகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அங்கேயே நில்லுங்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் அடித்து முடித்திருப்பார்கள்.