துண்டு வெட்டும் நாளில்

"விளங்கினதா?" என்று கேட்டால் "ஓம் மிஸ்" என்று சொல்லாத நோயாளியைக் காண்பது அரிது. அதுவும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளென்றால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் காலையிலேயே சொல்லியிருப்பார். நோயையும் மருந்தையும் குறித்துக் கொடுக்கும் டயக்னோசிஸ் காட் எழுதி மருந்து எடுத்து முடிய மத்தியானம் தாண்டிவிடும். மூதூர், புல்மோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். அப்போது நாம் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

நான் தாதியாகச் சேர்ந்த புதிதில், இதயம் பலவீனமாகிக் கால் வீங்கி வந்த ஒரு வாப்பாவைச் சுகமாக்கி அனுப்பினோம். பத்தே நாளில் தலைசுற்றி விழுந்து திரும்பி வந்தார். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. மகள் கொண்டுவந்த ஷொப்பிங் பையைக் கட்டிலில் கொட்டினேன். முன்பு பாமசியில் வாங்கிய லாசிக்ஸ் அட்டை ஒன்று. நாங்கள் கொடுத்த கடதாசி உறையில் பியூரோசமைட். பெயர்தான் வேறு, இரண்டும் உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஒரே மருந்து. "ரெண்டையும் ஒரு நேரமும் தவறாமக் குடுத்தேன் மிஸ்" என்றார் மகள், அழுகிற குரலில். அவரில் என்ன பிழை? பழையதை நிறுத்தச் சொல்லாதவர்கள் நாங்கள். சொன்ன கொஞ்சத்தையும் கூட்டிப்போக வந்த மகனிடம் சொல்லியிருந்தோம். டயக்னோசிஸ் காட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆங்கிலத்தில்.

உலக சுகாதார நிறுவனம் மருந்துத் தவறுகளைக் குறைக்க 2017இல் தொடங்கிய திட்டத்தில், முதலில் கவனிக்கச் சொன்ன மூன்று விடயங்களில் நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவதுபோல இடமாறும் இந்த நேரமும் ஒன்று. அது எவ்வளவு சரி என்று அந்தப் பையைக் கொட்டிய எனக்குத் தெரியும்.

இப்போது "விளங்கினதா" என்று நான் கேட்பதில்லை. வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பது யார் என்றுதான் முதலில் கேட்பேன். அப்புறம், "வீட்ட போய் உம்மாவுக்கு இதை எப்படிச் சொல்லுவீங்க, எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க" என்பேன். பிழையாகச் சொன்னால் நான் சொன்ன விதம் சரியில்லை, திரும்பச் சொல்வேன். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் கொடுத்தால் உறையில் 'வெள்ளி மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதுவேன். கிழமைக்கு ஒரு நாள் போட வேண்டிய அந்தக் குளிசையைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

வீட்டார் ஒன்று செய்யுங்கள். பழைய குளிசைகளையெல்லாம் வாட்டுக்குக் கொண்டுவந்து, இதில் எதை நிறுத்துவது என்று கேளுங்கள். சுகர் குளிசை போடுகிறவர்கள் நோன்புக்கு முன்பே கிளினிக்கில் கேட்டுவிடுங்கள்: ஸஹருக்கு எவ்வளவு, நோன்பு திறக்க எவ்வளவு, சுகர் இறங்கி வியர்த்து நடுங்கினால் என்ன செய்வது என்று.