கதிர்வீச்சு படியாது

2011-இல் அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் புகுஷிமா பற்றிய ஓர் ஆவணப்படம். பின்னணித் தமிழ்க் குரல், "இந்த ஊர் மண்ணில் கதிர்வீச்சு படிந்திருக்கிறது" என்கிறது. கொஞ்ச நேரத்தில், "கதிர்வீச்சைச் சுரண்டிப் பைகளில் கட்டுகிறார்கள்." வெயிலைச் சுரண்டிப் பையில் கட்ட முடிந்தால் இதையும் கட்டலாம்!

சூரியக் கதிர், நெற்கதிர், நூல் நூற்கும் கதிர் என்று கதிர் நமக்குப் பழகிய சொல். பேசு பேச்சானதுபோல வீசு வீச்சானது. ஆக, கதிர்வீச்சு என்பது கதிர் பாய்வது, அவ்வளவுதான். 1898-இல் கியூரி தம்பதி பெயர் சூட்டியது வேறொன்றுக்கு: தானாகவே கதிரை உமிழும் பண்புக்கு. அது கதிரியக்கம். அந்தப் பண்புள்ள அயோடின்-131, சீசியம்-137 போன்றவை கதிரியக்கப் பொருள்கள்.

அடுப்புக் கங்கு, அதன் அனல் இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். கங்கு காற்றில் பறந்து வந்து கூரையில் விழும். அது கிடக்கும் இடத்திலிருந்து அனல் அடிக்கும். ஈட்டாட்டே கிராமத்துக்கு நடந்தது இதுதான். உலையிலிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர். 2011 மார்ச் 15 அன்று காற்று அந்தப் பக்கம் திரும்பியது; மழையும் பனியும் சீசியத்தைத் தரையில் இறக்கின. ஏப்ரலில் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். பிறகு வயல்களின் மேல்மண்ணை வழித்துக் கறுப்புப் பைகளில் அடைத்தார்கள். பையில் போனது சீசியம். இந்த வேலைக்குக் 'கதிர்வீச்சு நீக்கம்' என்று பெயர் வைத்தவர் யாரோ! மாசகற்றல் என்றால் போதாதா?

"கதிர்வீச்சு என்றாலே மக்களுக்குப் புரிகிறதே, எதற்கு இரண்டு சொல்?" என்பார்கள். என்ன புரிகிறது? ஒட்டிக்கொள்ளும், தொற்றும் என்று புரிகிறது. புகுஷிமாவிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளையைப் பள்ளியில் 'கிருமி' என்று கூப்பிட்டுக் கொடுமைப்படுத்தியது ஜப்பானில் செய்தியானது. எக்ஸ்ரே எடுத்தவர் வெளியே வந்து நம்மேல் கதிர் வீசுவதில்லை. உடையில் சீசியத் தூசி இருந்தால் அது வேறு; உடையை மாற்றிக் குளித்தால் பெரும்பாலும் போய்விடும்.

நம் மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஜப்பானியரும் கதிருக்கு 'ஹோஷாசென்', கதிரியக்கத்துக்கு 'ஹோஷானோ' என்று தனித்தனிச் சொல் வைத்துக்கொண்டு, பேச்சில் எல்லாவற்றையும் ஹோஷானோ என்றுதான் சொல்கிறார்கள். நம்மிடமும் இரண்டு சொல் இருக்கின்றன, பாதியைத் தூங்க விட்டிருக்கிறோம்.

சரி, எங்கே எது? ஊர்ச் சதுக்கத்து அளவுமானியில் மணிக்கு இத்தனை மைக்ரோசீவெர்ட் (உடலில் படும் கதிரின் அலகு) என்று ஓடுவது கதிர்வீச்சு அளவு. காட்டுக் காளானைச் சோதித்து, கிலோவுக்கு 100 பெக்கரெலைத் (நொடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்ற அலகு) தாண்டினால் விற்காதே என்பது கதிரியக்க அளவு.