ஹாமக்கிற்குள் ஒரு தடி

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஏணை கட்டும்போது, பிள்ளையின் தலைமாட்டுக்கு மேலே சேலையின் இரு ஓரங்களுக்கும் இடையில் குறுக்காக ஒரு தடி வைப்பார்கள். துணி முகத்தை மூடாமல் விலகி நிற்க அது போதும். பெரியவர்கள் படுக்க இரு மரங்களுக்கிடையே கட்டும் துணித் தொட்டிலான ஹாமக்கிலும் அதே தடியைப் போடலாம். கொஞ்சம் நீளமான தடியைப் போட்டால்தான் சங்கடம்: படுத்தவர் திரும்பிப் படுக்க முயலும்போது மணலில் கிடப்பார்.

முதலில், தடி எதற்கு? சாதாரண ஹாமக்கில் துணியின் இரு முனைகளும் சுருங்கி ஒரே கயிற்றில் சேர்கின்றன. நடுவில் துணி எவ்வளவு அகலமாக இருந்தாலும் தோள் இருக்கும் இடத்தில் அது ஒடுங்கத் தொடங்கிவிடும். இரு ஓரங்களும் தோள்களை உள்ளே நெருக்கும். கால் பக்கத்தில் நடுத்துணி விறைத்து, கெண்டைக்காலின் கீழ் ஒரு வரம்புபோல முட்டும். துணி 3 மீற்றருக்கு மேல் நீளமும் நல்ல அகலமும் உள்ளதென்றால் மூலைக்கு மூலை சற்றுச் சரிந்து படுத்தாலே இந்த வில்லங்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தடியே தேவையில்லை. கட்டையான, ஒடுக்கமான துணியில் சரிந்து படுக்க இடமிருக்காது. தடி உதவுவது அங்கேதான்.

இனி அது ஏன் கவிழ்கிறது என்று பார்ப்போம். கிணற்று வாளியின் கைபிடி விளிம்பில் மாட்டப்பட்டிருப்பதால் தண்ணீரின் பாரம் கைபிடிக்குக் கீழே தொங்குகிறது. வாளி தானாகவே நிமிர்ந்து நிற்கும். அதே கைபிடியை அடிப்பக்கத்தில் மாட்டினால் நிரம்பிய வாளி ஒரு கணத்தில் தலைகீழாகும். ஹாமக்கின் இரு முனைகளிலும் கயிறு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும். இரு வளையங்களையும் இணைக்கும் கோட்டைத்தான் கைபிடியாக நினைக்க வேண்டும். தடியில்லாத ஹாமக்கில் உடல் அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே பள்ளத்தில் கிடக்கும். அகலத் தடியைப் போட்டுக் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் துணி பலகைபோல ஆகி, உடலின் பாரம் கோட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது. பார்வைக்கு அழகான, இரு பக்கமும் அகலத் தடி வைத்த தோட்ட ஹாமக்குகள் பலவற்றின் கதை இதுதான். படம் எடுக்க நல்லவை, நித்திரைக்கு அல்ல.

தடிக்கும் வளையத்துக்கும் இடைத்தூரம் 60 சென்ரிமீற்றர் என்று வைப்போம். கயிறு கிடையிலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் வளையம் தடியைவிட 30 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். 10 பாகைக்கு இழுத்துக் கட்டினால் அந்த உயரம் வெறும் 10 சென்ரிமீற்றர். மல்லாந்து கிடக்கும் உடலின் பாரமையமும் துணிக்கு மேலே ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். அதாவது, கவிழ்வதற்கு ஒரு முழங்கை அசைந்தாலே போதும்.

இழுத்துக் கட்டுவதால் இன்னொரு நட்டமும் உண்டு. 60 கிலோ உடையவர் படுக்கும்போது, 30 பாகையில் ஒவ்வொரு கயிற்றிலும் 60 கிலோ இழுவை விழும். 10 பாகையில் அது ஏறத்தாழ 173 கிலோ. வேம்பும் பூவரசும் முற்றிய மரமானால் தாங்கும். முருங்கையில் கட்டுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். தென்னையின் கீழே படுப்பதும் அப்படித்தான், ஆனால் அதற்குக் காரணம் கயிறு அல்ல.

தடி தாங்குவது வளைக்கும் பாரத்தை அல்ல, இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கி வரும் நெருக்கத்தை. 80 சென்ரிமீற்றர் தடியின் இரு முனைகளிலிருந்தும் கயிறுகள் வளையத்துக்குப் போகின்றன என்போம். 30 பாகைச் சாய்வில், வளையம் 60 சென்ரிமீற்றர் தள்ளியிருந்தால் நெருக்கம் 20 கிலோ. 20 சென்ரிமீற்றரில் இருந்தால் அதுவே 60 கிலோ. மெல்லிய தடி இந்த நெருக்கத்தில் நடுவில் பிதுங்கி முறியும். தடியின் தடிப்பை மாற்றாமல் நீளத்தை இரட்டிப்பாக்கினால் அது தாங்கக்கூடிய நெருக்கம் காற்பங்காகிவிடும். ஆகவே வளையத்தைத் தள்ளி வைப்பது உறுதிக்கும் நல்லது, கவிழாமைக்கும் நல்லது. பனஞ்சலாகை முறியாதுதான், ஆனால் தலைக்கு மேலே அவ்வளவு பாரம் எதற்கு? உள்ளே பொள்ளலான முற்றிய மூங்கில் பாரம் குறைவு, விறைப்பும் உண்டு.

பரிசோதிக்க விரும்புபவர்கள் தலைப்பக்கத்தில் மட்டும் தொடங்கலாம். பழைய தும்புத்தடியின் பிடியில் 45 சென்ரிமீற்றர் வெட்டி, இரு முனைகளிலும் அரத்தால் வாய் வெட்டிக் கயிற்றில் செருகினால் போதும். வாய் இல்லாவிட்டால் ஆள் எழும்பும்போது கயிறு தளர்ந்து தடி கழன்று முகத்தில் விழும். பிரித்தானியக் கடற்படையின் மாலுமிகளும் தங்கள் கன்வஸ் ஹாமக்குகளில் இப்படித்தான் தலைப்பக்கக் கயிறுகளை ஒரு குட்டித் தடியால் விரித்தார்கள். தோளுக்கு இடம் கிடைக்கும், ஆனால் துணியின் பள்ளம் போகாது. கால் பக்கத்தைச் சுருங்கியபடியே விட்டு, ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் உடல் கீழே வழுக்கி வராது.

இரு பக்கமும் தடி வேண்டுமென்று நிற்பவர்கள் துணியின் நீள ஓரங்களை உள்நோக்கி வளைவாக வெட்டித் தைக்க வேண்டும். அப்போது இழுவை ஓரங்களின் வழியே போகும். நடுத்துணி தளர்ந்து, தடிகளின் மட்டத்துக்குக் கீழே இறங்கி உடலை ஏந்தும். தலைத்தடியைவிடக் கால்தடி கட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. கால்களுக்கு அவ்வளவு அகலம் தேவையில்லை.