நாய்க்கு ஹீட் ஸ்ட்ரோக்: முதலில் தண்ணீர், பிறகு மருத்துவமனை

வெயிலில் நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு வேர்ப்பது பாதத்தின் அடியில் மட்டுமே. அதனால் சூடு அவ்வளவாகத் தணியாது. அது பெரிதும் நம்பியிருப்பது இளைப்பைத்தான். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 20, 30 முறை மூச்சு விடும் நாய், சூடேறினால் 300 முறைகூட இளைக்கும். நாக்கிலும் மூக்கினுள்ளே சுருள்சுருளாக இருக்கும் ஈரச் சவ்விலும் காற்று பட்டு நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் ரத்தத்திலிருந்து போவதால் உடம்பு குளிர்கிறது.

காற்றில் ஈரப்பதம் கூடினால் இந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். அதனால்தான் வெயிலே தெரியாத புழுக்கமான நாளிலும் நாய்கள் சுருண்டு விழுகின்றன. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களின் நிலை இன்னும் மோசம். நாசித்துளை குறுகலாகவும் மேலண்ணத்தின் மென்பகுதி நீண்டும் இருப்பதால், காற்றை இழுக்கவே அவை போராட வேண்டும். அப்படிப் போராடும் மூச்சுத் தசைகளே சூட்டை உண்டாக்கும்; இளைக்க இளைக்க உடம்பு மேலும் கொதிக்கும். வாயை இறுக்கும் துணி வாய்ப்பூட்டு எந்த நாயையும் இதே நிலைக்குத் தள்ளிவிடும். கட்டியே ஆகவேண்டுமென்றால், உள்ளே வாயை நன்றாகத் திறக்க இடமுள்ள கூடை வாய்ப்பூட்டைப் போடுங்கள்.

வெளியே 24 டிகிரி செல்சியஸ்தான் என்றாலும், வெயிலில் நிறுத்திய காருக்குள் 10 நிமிடத்தில் 34, அரை மணியில் 43 டிகிரி ஆகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. இதைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். ஆனால் பிரிட்டனின் கால்நடை மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, காரைவிட நடையும் ஓட்டமும் விளையாட்டுமே பல மடங்கு அதிக நாய்களை வீழ்த்தியிருப்பது தெரிந்தது. பந்தைத் துரத்தும் நாய் களைத்தாலும் நிற்காது. நாம்தான் நிறுத்த வேண்டும். கூட்டிப்போகும் முன் புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதன் பாதமும் வெந்துபோகும்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்கு வந்த பிறகும் இளைப்பு அடங்காமல் இருப்பது, கெட்டியாக இழுபடும் எச்சில், அடர்சிவப்பான ஈறு, தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு: இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள். பூனை சாதாரணமாக இளைப்பதில்லை. வெயிலில் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலே அவசரம்தான்.

உடனே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடத்தான் மனம் சொல்லும். ஆனால் உடம்பு கொதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளுறுப்புகள் கெடுகின்றன. அதனால் இருந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலில் கிடத்தி, குழாய்த் தண்ணீரைக் கழுத்திலிருந்து வால்வரை, முடிக்கு அடியில் தோல் நனையும்படி ஊற்றிக்கொண்டே இருங்கள். கூடவே மின்விசிறி வைக்கவோ விசிறவோ வேண்டும். நனைந்த தோலில் காற்று பட்டால்தான் நீர் ஆவியாகும். ஈரத்துண்டால் மூடாதீர்கள், அது சீக்கிரமே சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். இளமையான, ஆரோக்கியமான, நினைவோடு இருக்கும் நாயைத் தலையைத் தாங்கிப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் கழுத்துவரை இறக்கலாம். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். வாயில் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 39.4 டிகிரிக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேலும் குளிர்வித்தால் வெப்பம் அளவுக்கு மீறி இறங்கிவிடும். பாராசிட்டமால் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். இது காய்ச்சல் இல்லை என்பதால் அந்த மருந்து இங்கே வேலை செய்யாது. பூனைக்கோ அது கொடிய நஞ்சு.

பிறகு ஏசி போட்ட வண்டியில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாய் எழுந்து வாலாட்டினாலும் போகத்தான் வேண்டும். வெப்பத்தில் குடலின் உட்சுவர் சிதைந்தால் கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். ரத்தம் உறையும் தன்மை குலையும், சிறுநீரகமும் பழுதாகும். இவை வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்பதால், ரத்தப் பரிசோதனையை மறுநாளும் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். கழிவில் ரத்தம், அடிவயிற்றுத் தோலில் செம்புள்ளிகள், சிறுநீர் குறைவது ஆகியவற்றை வீட்டில் கவனித்துக்கொண்டே இருங்கள்.