மடித்து வைத்த நாடக மேடை

பழைய காலத்து நாடக அரங்கு ஒன்றைப் பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் அடக்கிவிடலாம். திறந்தால் வளைவு வைத்த மேடை முகப்பு எழுந்து நிற்கும். அதன் பின்னால் இருபுறமும் பக்கத் தட்டிகள், கடைசியில் வண்ணம் தீட்டிய படுதா. மூடினால் அத்தனையும் படுத்துக்கொண்டு உறைக்குள் போய்விடும். பார்ப்பவர் கண் ஓவியத்தில்தான் நிற்கும். ஆனால் அந்த எழுச்சியும் படுப்பும் முழுக்க வடிவியலின் வேலை. அதிலும் முக்கியமான பங்கு ஒரே ஒரு கூட்டல் கணக்கில் அடங்கிவிடுகிறது. எனக்கு இந்தக் கலையில் மிகப் பிடித்த விஷயமே அதுதான்.

அரங்கைக் காகிதத்தில் அடுக்கிப் பார்க்கும் ஆசை புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மார்ட்டின் எங்கெல்பிரெக்ட், நடுவில் வெட்டி எடுத்த சித்திர அட்டைகளை அச்சிட்டு விற்றார். அவற்றை ஒரு பெட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகினால் ஆழமான காட்சி கிடைக்கும். லண்டனில் 1811 வாக்கில் வில்லியம் வெஸ்ட், அன்றைய நாடகங்களின் பாத்திரங்களையும் காட்சிகளையும் தாளில் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். வண்ணமில்லாத தாள் ஒரு பென்னி, வண்ணம் தீட்டியது இரண்டு பென்னி. இவையெல்லாம் வாங்கியவரே கையால் அடுக்கி நிறுத்த வேண்டியவை. பக்கத்தைத் திறந்ததும் அடுக்குகள் தாமாகவே எழும் வித்தையை, 1887இல் வெளியான தன் சர்க்கஸ் புத்தகத்தில் ஜெர்மானிய ஓவியர் லோத்தர் மெகென்டார்ஃபர் பிரமாதமாகச் செய்து காட்டினார். நம் அட்டைக்கும் அதே வித்தைதான்.

ஒவ்வொரு பாதியும் 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் உள்ள அட்டையை எடுத்துக்கொள்வோம். மடிப்பு நீளவாக்கில் வருகிறது. ஒரு பாதியை மேசைமேல் கிடத்தி, மற்றதைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். கிடப்பது தரை, நிற்பது சுவர். மடிப்பிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தரையில் மேடை முகப்பை ஒட்டுகிறோம். அதன் மேல்பகுதியைச் சுவரோடு இணைக்க 5 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை. பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: தரை, சுவர், முகப்பு, பட்டை நான்கும் சேர்ந்து ஒரு நாற்கரம். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்பதால் அது இணைகரம். நான்கு மூலையிலும் மடிப்பு இருப்பதால் எப்படி வேண்டுமானாலும் சாயும், ஆனால் இணைகரமாகவே இருக்கும். சுவரைச் சாய்க்கச் சாய்க்க, முகப்பும் அதே கோணத்தில் கூடவே சாயும். முகப்பை யாரும் தொடுவதில்லை. சுவரின் அசைவைப் பட்டை அதற்குக் கடத்திவிடுகிறது.

முழுக்க மூடியதும் என்ன ஆகும்? முகப்பின் அடி, மடிப்பிலிருந்து 5 செ.மீ. தள்ளியே இருக்கிறது. முகப்பு அங்கிருந்து வெளிப்பக்கமாகப் படுக்கிறது. அதன் உயரம் 11 செ.மீ. என்றால், உச்சி மடிப்பிலிருந்து 16 செ.மீ.க்குப் போய்விடும். அட்டையோ 15 செ.மீ.தான், ஒரு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆக, மேடையின் ஆழத்தையும் முகப்பின் உயரத்தையும் கூட்டினால் 15ஐத் தாண்டக் கூடாது. ஓரத்தில் அரை செ.மீ. விட்டால் 14.5. ஆழம் 7 செ.மீ. வேண்டுமென்றால் முகப்பு 7.5 செ.மீ.யோடு நின்றுவிடும். 10 செ.மீ. உயரத்தில் கம்பீரமான வளைவு வேண்டுமென்றால் ஆழத்துக்கு மிஞ்சுவது 4.5 செ.மீ. ஆழமும் உயரமும் ஒரே கஜானாவிலிருந்து செலவாகின்றன.

இந்தக் கட்டுப்பாடு அரங்குக்கு ஒரு சங்கடத்தைக் கொண்டுவருகிறது. ஸ்டாக்ஹோமுக்கு அருகே ட்ரோட்னிங்ஹோம் அரண்மனையில் 1766இல் கட்டிய அரங்கு இன்றும் அதன் பழைய மர இயந்திரங்களோடு இயங்குகிறது. அது போன்ற மேடைகளில் பக்கத் தட்டிகள் சோடி சோடியாக நிற்கும். பின்னால் போகப் போக உயரம் குறையும், இடைவெளி ஒடுங்கும். கண் ஏமாந்து, மேடை இருப்பதைவிட வெகு ஆழம் என்று நம்பிவிடும். அங்கே முன்னால் இருப்பதுதான் உயரம். அட்டையிலோ முன்னால் வர வரத்தான் உயரத்துக்கு இடம் குறைகிறது. அதனால் எப்போதும் முகப்பிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். பின் தட்டிகள் எப்படியும் குட்டைதான், அவற்றைப் பற்றிக் கவலையில்லை. முகப்புக்கு 9.5 செ.மீ. உயரம், 5 செ.மீ. ஆழம் என்பதே என் தேர்வு. 5 செ.மீ. கொஞ்சம்தானே என்று தோன்றலாம். ஆனால் 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது, முகப்பையும் படுதாவையும் இரண்டு கண்களும் பார்க்கும் கோணம் ஒன்றரைப் பாகைக்கு மேல் வேறுபடுகிறது. நம் கண்ணுக்கு அது தாராளம். தலையை லேசாக அசைத்தால் தட்டிகளின் பின்னால் படுதா நகரும். தட்டையான ஓவியத்தால் இதைச் செய்யவே முடியாது.

இடைத் தட்டிகளுக்குத் தனிப் பட்டைகள் வேண்டாம். தரையில் 3 செ.மீ. தள்ளி நிற்கும் தட்டியை, ஏற்கெனவே உள்ள பட்டையிலும் சுவரிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒட்டினால் போதும். பெரிய இணைகரத்துக்குள் ஒரு சின்ன இணைகரம்.

இனி காகிதம். 200 முதல் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஐவரி ஷீட் என்ற வழவழப்பான கெட்டித் தாள் சரியாக இருக்கும். ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே இழைகள் பெரும்பாலும் படுத்துவிடுவதால், ஒவ்வொரு தாளுக்கும் ஓர் இழையோட்டம் உண்டு. தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் பக்கம், மடிப்புக் கோடு இழையோட்டத்துக்கு இணையாக இருக்கிறது. அப்படி மடித்தால் விளிம்பு சுத்தமாக வரும். குறுக்கே மடித்தால் இழைகள் ஒடிந்து வண்ணம் வெடிக்கும். நம் அட்டையில் எல்லா மடிப்புகளும் 20 செ.மீ. பக்கத்துக்கு இணை. ஆகவே இழையோட்டமும் அதே திசையில் இருக்க வேண்டும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: எளிதாக மடியும் அதே திசையில் முகப்பு தளர்ந்து முன்னால் தொங்கவும் பார்க்கும். மருந்து எளிது. மடிப்புகளை விட்டுவிட்டு, முகப்பின் பின்னால் இன்னொரு தாளை, இழை நெட்டுக்குத்தாக வரும்படி ஒட்டுங்கள். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: தடிமன் இரட்டித்தால் 2 × 2 × 2. ஒரே திசைத் தாள் இரண்டை ஒட்டினாலே எட்டு மடங்கு. நெட்டிழைத் தாள் அதைவிடவும் தாங்கும்.

ஒட்டுவதற்குத் தண்ணீர் கலந்த பசையைத் தாராளமாகப் பூசாதீர்கள். ஈரம் பட்டால் இழை நீளத்தைவிடக் குறுக்கில்தான் அதிகம் பருக்கிறது. தாள் ஒரு பக்கமாகச் சுருண்டுவிடும். டபுள் சைடு டேப் நல்லது. மடிக்கும் முன் மை தீர்ந்த பால் பாயின்ட் பேனாவால் கோட்டை அழுத்திவிடுங்கள்.

கடைசி ஒட்டுதலுக்கு மட்டும் அளவுகோலை ஓரமாக வையுங்கள். முகப்பைத் தரையில் ஒட்டி, பட்டையை முகப்போடு இணைத்தாயிற்று என்றால், இரண்டையும் தரைமேல் தட்டையாகப் படுக்க வையுங்கள். பட்டையின் நுனியில் டேப்பின் காகிதத்தை உரித்துவிட்டு, சுவரை அப்படியே அதன்மேல் மூடி அழுத்துங்கள். எந்த இடத்தில் ஒட்டினால் அட்டை தட்டையாக மூடுமோ, அந்த இடத்திலேயே அது ஒட்டிக்கொள்ளும். ஏனென்றால் ஒட்டும்போதே மூடித்தான் இருக்கிறது. ஆனால் திறக்கும்போது முகப்பு நேராக நிற்பதற்கு இது உத்தரவாதம் இல்லை. பட்டையை 5க்குப் பதில் 6 செ.மீ. வெட்டியிருந்தாலும் அட்டை ஒழுங்காக மூடும். திறந்தால் முகப்பின் மேல்பகுதி மட்டும் ஏறக்குறைய ஒரு செ.மீ. முன்னால் சாய்ந்து நிற்கும். மேல்மாட உப்பரிகை ஒன்று பார்வையாளர் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால், வேண்டுமென்றே அப்படி வெட்டலாம்.