ஒரு மாத்திரை கூடினால் என்ன ஆகும்? ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களுக்கு

அவர் கொத்தனார். நாற்பது வயதிருக்கும். மருந்து கவுண்டரின் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு குழறியது. "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான் பாரு" என்று வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். கூட வந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

ஓ.பி. சீட்டை வாங்கிப் பார்த்தேன். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் மாத்திரை, 100 மில்லிகிராம், ராத்திரி மூன்று. என் விரலையே பார்க்கச் சொல்லி, அதை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினேன். கருவிழி இரண்டும் ஓரத்துக்குப் போனதும் அங்கே நிற்க முடியாமல் துடித்தன.

"அண்ணே, மாத்திரை எத்தனை போடுறீங்க?"

"நாலும்மா."

"சீட்டுல மூணுதானே இருக்கு?"

"சாரத்துல ஏறி நிக்கிற வேலை. மேல இருக்கும்போது வந்துடக் கூடாதுன்னு ஒண்ணு சேத்துப் போட்டுக்கிட்டேன். ரெண்டு வாரமா."

அவர் குடிக்கவில்லை. உடனே டாக்டரிடம் அனுப்பினோம். ரத்தத்தில் மருந்தின் அளவு முப்பதைத் தாண்டியிருந்தது. ஒரு மில்லி ரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் போதும். பயத்தில் கூடுதலாகப் போட்ட அந்த ஒரு மாத்திரையே அவரைச் சாரத்திலிருந்து கீழே தள்ளியிருக்கும்.

இருபது வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். வலிப்பு மாத்திரைகளில் நான் ஆளுக்கு ஆள் நின்று பேசிக் கொடுப்பது ஃபெனிடாயினைத்தான். அதற்குக் காரணம், மற்ற மருந்துகளைப் போல் இது கணக்குக்குக் கட்டுப்படாது. மூன்று நான்கானால் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதானே கூட வேண்டும்? கூடுவது அதைவிடப் பல மடங்கு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் நெல் கொள்முதல் நிலையத்தைச் சொல்லிப் புரியவைப்பேன். நிலையத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டைதான் எடை போட முடியும் என்று வையுங்கள். இருநூறு வந்தாலும் அன்றைக்கே முடிந்துவிடும், இருநூற்றைம்பது வந்தாலும் முடிந்துவிடும். தினமும் முந்நூற்றிருபது வந்தால்? முதல் நாள் வாசலில் இருபது மூட்டை நிற்கும். பத்தாம் நாள் இருநூறு நிற்கும். நம் கல்லீரல்தான் அந்த நிலையம். ஃபெனிடாயினைச் சிதைத்து வெளியேற்றும் என்சைம் ஓர் அளவுக்கு மேல் வேகமாக வேலை செய்யாது. அந்த அளவைத் தொட்ட பிறகு, கூடுதலாகப் போடுவதெல்லாம் நாளுக்கு நாள் ரத்தத்தில் குவிந்துகொண்டே போகும். அதனால்தான் தள்ளாட்டம் மறுநாளே தெரியாமல் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் தெரிகிறது. அதற்குள் மாத்திரையைக் கூட்டியது மறந்தே போயிருக்கும். டாக்டர்களே இதைக் கூட்டும்போது பெரும்பாலும் சின்னச் சின்ன அளவாகத்தான் கூட்டுவார்கள்.

நடக்கும்போது தள்ளாட்டம், ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறல், அளவுக்கு மீறிய தூக்கம், கை நடுக்கம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். குடித்திருக்கிறார் என்று வீட்டில் படுக்கவைத்துவிடாதீர்கள்.

இன்னொரு தப்பெண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இது தூக்க மாத்திரைதானே, பழகிடுமே" என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். ஃபெனிடாயின் தூக்க மாத்திரை இல்லை. 1908-லேயே ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பில்ட்ஸ் என்ற வேதியியலாளர் இதைத் தயாரித்துவிட்டார். முப்பது வருடம் அது யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. தூங்கவைக்காமல் வலிப்பை மட்டும் அடக்கும் மருந்து ஒன்று வேண்டும் என்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் மெரிட், புட்னம் என்ற இரண்டு டாக்டர்கள் தேடித் தேடி, 1938-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் இருந்த ஃபீனோபார்பிட்டோன் வலிப்பை அடக்கும், ஆளையும் சேர்த்து மயக்கத்தில் வைக்கும். மூளையின் நரம்பு செல்கள் அளவு மீறிப் படபடவென்று சமிக்ஞை அனுப்பும்போதுதான் வலிப்பு வருகிறது. அப்படி வேகமெடுக்கும் செல்லுக்குள் சோடியம் நுழையும் வழியை ஃபெனிடாயின் அடைத்துப் பிடிக்கிறது. நிதானமாக வேலை செய்கிற செல்லை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே சரியான அளவில் சாப்பிடுகிறவர் வேலைக்குப் போகலாம், படிக்கலாம். ஆள் எப்போதும் தூங்கி வழிந்தால் அளவில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

அட்டையின் நிறம் மாறினால் எங்களிடம் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. "போன மாசம் கொடுத்தது இது இல்லையே" என்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வராது, மற்ற மருந்தில் எப்படியோ, இதில் அவர்கள் கேட்பது நியாயம். 1968-ல் ஆஸ்திரேலியாவில் நடந்ததை மருந்தாளுநர் படிப்பில் எல்லாருமே படித்திருப்போம். ஃபெனிடாயின் கேப்சூலில் மருந்தோடு சேர்க்கும் நிரப்புப் பொருள் கால்சியம் சல்ஃபேட்டாக இருந்தது. அதை எடுத்துவிட்டு லாக்டோஸ் சேர்த்தார்கள். உள்ளே இருந்த மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் அது குடலில் முன்னைவிட அதிகமாக உறிஞ்சப்பட்டது. வருடக்கணக்காக நன்றாக இருந்த நோயாளிகள் நம் கொத்தனாரைப் போலத் தள்ளாட ஆரம்பித்தார்கள். அதனால் முடிந்தவரை ஒரே கம்பெனி மாத்திரையில் இருங்கள். விலை குறைந்த ஜெனரிக் சாப்பிட்டாலும் சரிதான், அதே கம்பெனியின் ஜெனரிக்கில் நில்லுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டருக்குத் தெரிந்து மாற்றுங்கள். அடுத்த சில வாரம் வீட்டில் ஒருவர் கவனமாக இருக்கட்டும். காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் அடுத்த முறை கையில் கொண்டுவந்தால் எங்களுக்குப் பாதி வேலை குறையும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் சிரப்பில் வேறொரு சங்கடம் இருக்கிறது. ஓர் அம்மா வந்தார், ஐந்து வயதுப் பையன். "பாட்டில் புதுசா ஒடைச்சா முதல் பத்து நாள் ஃபிட்ஸ் வருது மேடம். கடைசிக்கு வரும்போது பையன் எழுந்திருக்கவே மாட்டேங்கிறான்." பாட்டிலைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். மேலே நீர்த்த தண்ணீர், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மாவு. அந்த மாவுதான் மருந்து. இது தண்ணீரில் கரையாது, குலுக்கினால் மிதக்கும், வைத்த இடத்தில் படிந்துவிடும். பையன் மாத ஆரம்பத்தில் வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறான், கடைசியில் மொத்த மருந்தையும் குடித்திருக்கிறான். அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. பாட்டிலைக் கொடுத்த யாரோ ஒருவர் "நல்லாக் குலுக்கிட்டு ஊத்துங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடியில் ஒட்டாமல் கலக்கும்வரை குலுக்குங்கள். வீட்டுக் கரண்டியில் ஊற்றாதீர்கள், அளவு மூடியோ ஊசி இல்லாத சிரிஞ்சோ பயன்படுத்துங்கள். சிரப்பும் எல்லாக் கம்பெனியிலும் ஒரே வலிமையில் வருவதில்லை. ஐந்து மில்லியில் 30 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 125 உள்ளதும் இருக்கிறது. இதைப் பார்க்காமல் பாட்டிலை மாற்றினால் நான்கு மடங்கு வித்தியாசம்.

அப்புறம், மற்ற மருந்துகள். நான் மிகவும் பயப்படுவது படர்தாமரைக்கு. தொடையிடுக்கில் அரிப்பு என்று மருந்துக்கடையில் கேட்டால் ஃபுளூகோனசோல் மாத்திரை சுலபமாகக் கிடைக்கிறது. ஃபெனிடாயினைச் சிதைக்கும் அதே என்சைமை அது அடக்கிவிடும். கொள்முதல் நிலையத்தில் பாதி ஆள் லீவு போட்ட மாதிரி. மாத்திரை எண்ணிக்கை மாறாமலே ரத்தத்தில் அளவு ஏறிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிடும் இதைச் செய்யும். வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கிற ஜெல் மருந்து ஃபெனிடாயினைக் குடலில் சேரவிடாமல் குறைக்கலாம், அதனால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பக்கவாதம் வந்து மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும் வீடுகளிலும் இதே சிக்கல்தான். கஞ்சியோடும் பால் பவுடரோடும் சேர்த்து மருந்தை ஊற்றினால் சரியாக ஏறாது. எவ்வளவு நேரம் முன்பின் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், "ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் முப்பது நாளைக்கு மாத்திரை கொடுக்கிறோம். முப்பத்து நான்காம் நாள் வருகிறவர்கள் நிறைய. நடவு நேரம், பஸ் காசு, கைக்குழந்தை என்று காரணம் எல்லாம் உண்மையான காரணம்தான். நடுவில் அந்த நாலு நாள்? "ஒண்ணும் ஆகலையே மேடம்" என்பார்கள். மருந்து ரத்தத்திலிருந்து இறங்க ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், அதனால்தான் முதல் நாள் ஒன்றும் ஆவதில்லை. திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு சில சமயம் நிற்காமல் தொடரும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. ஒரு வாரத்துக்கு உண்டான மாத்திரையைத் தனி டப்பாவில் போட்டு ஒதுக்கி வையுங்கள், தீர்ந்தால் உடனே நிரப்புங்கள். வெளியூர் போகும்போது மாத்திரை பஸ்ஸின் டிக்கியில் ஏற்றும் பெட்டியில் இருக்கக் கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு நேரமாகிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். ஏன் கூடாது என்பது மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.

மாத்திரையை நிறுத்தவே முடியாதா என்றால், பலருக்கு முடியும். பெரும்பாலும் இரண்டு வருடமாவது வலிப்பே இல்லாமல் இருந்த பிறகு, டாக்டர் பார்த்து, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நானே "அடுத்த வேளையைப் போடாதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்பேன். மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள் உடம்பில் சிவப்புத் தடிப்பு, கூடவே காய்ச்சல், வாயில் புண், கண் சிவப்பு வந்தால் அது தோல் உரியும் கடுமையான ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம். அம்மை என்று வேப்பிலை வைத்துக் காத்திருந்தால் நேரம் போய்விடும்.

வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு ஈறு பல்லின் மேல் வளரும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிற பெண்களைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். தினம் இரண்டு வேளை பல் தேய்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் சுத்தம் செய்தால் நன்றாகக் குறையும். முகத்தில் முடி வளர்வதும் இருக்கிறது, எலும்பும் வலுவிழக்கலாம். இதையெல்லாம் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மாற்று மருந்து கேட்பது உங்கள் உரிமை.

பெண்களிடம் தனியாகப் பேச வேண்டியது உண்டு. கருத்தடை மாத்திரையின் வேலையை ஃபெனிடாயின் கெடுத்துவிடும். காப்பர்-டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. கருவில் இருக்கும் குழந்தைக்கு ஃபெனிடாயினால் ஆபத்து உண்டு, வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தால் அதைவிட அதிகம். ஆனால் நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் பயந்து மாத்திரையை நிறுத்தினால், வரும் வலிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஆபத்து. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே நரம்பு டாக்டரைப் பாருங்கள். லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற, ஒப்பிட்டுப் பார்த்தால் பாதுகாப்பான மருந்துகளுக்கு மாற்ற அப்போதுதான் அவகாசம் இருக்கும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் அப்போதே ஆரம்பிப்பார்கள்.

புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், "அட்டை வேணாம்க்கா, பிரிச்சு இந்த சத்து மாத்திரை டப்பாவுல போட்டுக் குடுங்க" என்று கேட்டாள். மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாதாம். வீட்டில் விருந்தாளிகள் இருந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் தடையாகச் சொல்லியிருந்ததை 1999-லேயே எடுத்துவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது புதுச் செய்தி. அடுத்த மாதம் கணவரோடு வந்தாள். டாக்டர் அரை மணி நேரம் அவரை உட்காரவைத்துப் பேசினார். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-க்குக் கூப்பிட வேண்டும் என்பதை அவர் தன் போனில் எழுதிக்கொண்டார். போகும்போது கவுண்டருக்கு அவர்தான் வந்தார். "மாத்திரையை அட்டையோடவே குடுங்க மேடம். எந்தக் கம்பெனின்னு நானும் பாத்து வச்சுக்கறேன்" என்றார்.